பாண்டியம்மாள் தோட்டத்து நூற்றிருபது நாட்கள்

“கார்த்திகை 28, புதன் (டிசம்பர் 13). காலை 9.15 – 10.15. கோம்பை–பண்ணைப்புரம் சாலைக்கு மேற்கே. பாண்டியம்மாள் தோட்டம், ஒன்றரை ஏக்கர், பன்னீர் திராட்சை. கவாத்து இந்நாளில். 120 = ஏப்ரல் 12.”

என் பழைய நோட்டு ஒன்றில் நீல மையில் எழுதிய குறிப்பு இது. கையெழுத்து என்னுடையதுதான், இப்போது இருப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. ஊர் சரி, ஆள் சரி, கூட்டலும் சரி. தேதி மட்டும் தவறு. அந்தத் தவறு ஒரு தோட்டத்தையே சாய்த்துவிடப் பார்த்தது.

இதைத் தேடி எடுக்கக் காரணம், போன வாரம் உத்தமபாளையம் பேருந்து நிலையத்தில் வாங்கிய அரைக் கிலோ திராட்சை. தள்ளுவண்டியில் கருநீலமாகக் குவித்து வைத்திருந்தார்கள். ஒன்றை வாயில் போட்டதும் காதுக்குப் பின்னால் நரம்பு இழுத்தது. “புளிக்குதேப்பா” என்றேன். “ரெண்டு நாள் வச்சிருந்து சாப்பிடுங்க சார், இனிச்சிரும்” என்றார் வண்டிக்காரர். மாம்பழத்துக்குச் சொல்லலாம், வாழைக்குச் சொல்லலாம். திராட்சை அப்படியில்லை. கொடியை விட்டு வந்த நொடியில் எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான். பிறகு வாடுமே தவிர இனிக்காது. இதை அவரிடம் விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் போடி பேருந்து வந்துவிட்டது. அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து நோட்டுகளை இறக்கினேன். மொத்தம் பதினாறு. ஒவ்வொன்றின் அட்டையிலும் ஆண்டை எழுதி வைத்திருந்தேன். இந்த ஒன்றின் அட்டையை மட்டும் கரையான் தின்றிருக்கிறது. தேதிப் பைத்தியம் என்று பெயர் வாங்கிய ஒருவனின் நோட்டில் ஆண்டை மட்டும் குறிவைத்துத் தின்ற கரையானின் ரசனையை மெச்சத்தான் வேண்டும். டிசம்பர் 13 புதன்கிழமை வந்த ஆண்டுகளைப் பஞ்சாங்கத்தில் தேடினேன். இந்தப் பதினாறு நோட்டுகளும் எழுதிய காலத்துக்குள் இரண்டு ஆண்டுகள் பொருந்துகின்றன. கதையில் எஸ்.டி.டி. பூத் வருகிறது, கைப்பேசி வரவில்லை. ஆகவே முந்தைய ஆண்டுதான்.

அந்த நோட்டை எழுதிய நாட்களில் நான் பார்த்த வேலைக்கு ஒரு பெயரே கிடையாது. ஒரு திராட்சைக் கமிஷன் மண்டியில் இருந்தேன். கவாத்து என்றால் பழைய கிளைகளையெல்லாம் இரண்டு மூன்று கண் விட்டு வெட்டிவிடுவது. வெட்டிய நாளிலிருந்துதான் கொடிக்குப் புதுக் காலம் தொடங்கும். துளிர், பூ, பிஞ்சு, நிறம், பழம் என்று எல்லாம் அந்த நாளிலிருந்து எண்ணித்தான். பன்னீர் ரகத்துக்கு நூற்றிருபது நாள். எங்கள் பள்ளத்தாக்கில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதத்தில் கவாத்து செய்வதால் ஏதாவது ஒரு தோட்டத்தில் எப்போதும் பழம் இருக்கும். எந்தத் தோட்டம் எந்த நாளில் பழுக்கும் என்று மண்டிக்காரருக்கு முன்கூட்டித் தெரிந்தால் வெட்டு ஆட்களையும் லாரியையும் சரியாக அனுப்பலாம். அதற்காகத் தோட்டம் தோட்டமாகப் போய்த் தேதி எழுதி வருவதுதான் என் வேலை. தேனி டவுனில் வளர்ந்தவன் நான். வேலையில் சேரும்வரை திராட்சையைப் பந்தலில் பார்த்ததுகூட இல்லை. தோட்டக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் ‘காலண்டர் தம்பி’.

முதலாளி கொடுத்த பழைய மொபெட்டில் ஆனி மாதம் சுற்றத் தொடங்கினேன். ஆடியில் காற்று. மலை இடைவெளி வழியாக வந்து விழும் அந்தக் காற்றில் மொபெட் நேராகப் போகாது. சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும், கடன்காரன் வீட்டைக் கடப்பவன் மாதிரி. வாழைத் தோப்புகளில் மரத்துக்கு மரம் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருப்பார்கள். திராட்சையோடு வாழையும் விசாரித்து வரச் சொல்லியிருந்தார் முதலாளி. கோம்பையில் ஒரு வாழைத் தோப்பு வாசலில் நின்று, “அண்ணே, நாய் இருக்கா?” என்று கத்தினேன். நாய்க்குப் பேர்போன அந்த ஊரில் கேட்காமல் நுழையக் கூடாது. “கெடக்கு, வாங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நாலடி வைத்திருப்பேன். செம்பட்டை உடம்பும் கறுத்த மூஞ்சியுமாக அது என் முன்னால் நின்றது, கயிறு இல்லாமல்.

“கட்டலையாண்ணே?”

“கட்டுறதில்ல. சொன்னாக் கேக்கும்.”

“அப்பச் சொல்லுங்கண்ணே.”

“இருங்க, வாயில வெத்தல இருக்கு.”

அவர் துப்பிவிட்டு வர எடுத்துக்கொண்ட நேரத்தை நான் நோட்டில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

ஐப்பசியில் மழை. வயல்களில் அணைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து பாதையையும் வாய்க்காலையும் ஒன்றாக்கிவிடும். மொபெட்டைத் தூக்கிக்கொண்டு நான் போனதே அதிகம். ஒரு முறை ஏலக்காய் விசாரிக்க மேகமலைக்கு அனுப்பினார்கள். சின்னமனூரிலிருந்து ஜீப்பில் குலுங்கி ஏறி, தொழிலாளர் குடியிருக்கும் எஸ்டேட் லயத்தில் ஒரு வீட்டில் கட்டன் சாயா குடித்தேன். ஏலக்காய் உலர்த்தும் அறையின் வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டது; மூன்று சலவைக்கும் போகவில்லை. அங்கே வேலை செய்த ஓர் அம்மாவிடம், “இந்தச் செடியெல்லாம் எப்ப நட்டது?” என்று கேட்டேன்.

“எம் மூத்தவ பெரிய மனுசி ஆன வருசம்.”

“அது எந்த வருசம்மா?”

“ரோடு சரிஞ்சு பஸ்ஸு வராமக் கெடந்துச்சுல்ல, அதுக்கு மறு வருசம்.”

இப்படிப்பட்ட பதில்களுக்காகவே நோட்டில் தனியாக ஒரு பத்தி கோடு போட்டு, ‘தேதி சொன்ன விதம்’ என்று தலைப்பு எழுதி வைத்திருந்தேன். திருவிழாவை வைத்துச் சொன்னவர்கள், தேர்தலை வைத்துச் சொன்னவர்கள், மாடு கன்று போட்டதை வைத்துச் சொன்னவர்கள். திராட்சைத் தோட்டக்காரர்கள் மட்டும் மாதம், நாள், கிழமை என்று அச்சடித்த மாதிரி சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு தனி மரியாதையே வந்துவிட்டது. நான் ஏமாந்தது அங்கேதான்.

மார்கழி தொடங்கியதும் எனக்கு அம்மை போட்டது. மூன்று வாரம் வேப்பிலைப் படுக்கை. அந்த மார்கழியில் எந்தத் தோட்டத்தில் என்ன நடந்தது என்று என் கண்ணால் பார்க்கவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பொங்கல் முடிந்து, தை ஐந்தாம் தேதி முதல் முறையாகப் பாண்டியம்மாள் தோட்டத்துக்குப் போனேன்.

எங்கேயாவது வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது எனக்கு இப்போதும் அந்தத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். நோய் வராமலிருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துக் கொடிக்கு அடிப்பார்கள், அன்று அடித்துக்கொண்டிருந்தார்கள். கல் தூண்கள், கம்பி, இலை எல்லாம் வெளிர்நீலம். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான பந்தல். உள்ளே நடந்தால் கழுத்து தானாகக் குனிந்துவிடும். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலிருக்கும் பாண்டியம்மாள், வாழைநாரை வாயில் கடித்துக்கொண்டு, புதுத் துளிர்களைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் அறைப் படியில் அவருடைய கொழுந்தன் சுருளிவேல் ஒரு வால்வைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, கவாத்து எப்ப?”

நாரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, யோசிக்காமல் சொன்னார்: “கார்த்திகை இருவத்தெட்டு. பொதங்கெழம.”

“நேரமும் சொல்லுவாக, எழுதிக்கங்க” என்றார் சுருளிவேல், வால்விலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒம்பதே காலுக்கு மேல, பத்தே காலுக்குள்ள.”

அவர் கேலியாகச் சொன்னது இன்று எனக்குப் புரிகிறது. அன்று நன்றி சொல்லி எழுதிக்கொண்டேன்.

அதன் பிறகு அவர்தான் நிலைமையைச் சொன்னார். பாண்டியம்மாளும் அவர் வீட்டுக்காரரும் சேர்ந்து நட்ட தோட்டம் அது. தூண் ஊன்றி இரண்டாம் வருடம் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். அடுத்து வந்த இரண்டு வெள்ளாமையும் சரியில்லை. ஒன்றில் இலைநோய். இன்னொன்றில் அறுக்கிற வாரத்தில் மழை, பழமெல்லாம் வெடித்துவிட்டது. நிலம் இன்னும் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. சுருளிவேலுக்குத் தென்னை வைக்க ஆசை.

“தென்னைய வச்சா வச்சதுதான். நாளும் பொழுதும் மருந்தடிக்க வேணாம். இந்தத் தடவையும் தேறலைன்னா பந்தலப் பிரிச்சிர்றதுன்னு பேச்சு. சொந்தக்காரங்க முன்னாடி மதினியே ஒத்துக்கிட்டாக. தூண் கல்லுக்கு வெல பேச ஆளு வந்து பாத்துட்டுப் போயாச்சு.”

“பாத்தா பாத்துட்டுப் போறான்” என்றார் பாண்டியம்மாள். “நட்டவரு எட்டு அடிக்கு ஒண்ணா அளந்து அளந்து நட்டாரு. ஒரு தடவ உருப்படியா காய்ச்சுப் பாக்காம நான் புடுங்க விடமாட்டேன்.”

“அதான் மதினி, ஒரு தடவ. அதத்தான் நானுஞ் சொல்றேன்.”

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பிரித்துப் போட்டிருந்த அந்த வால்வு திராட்சைக்குத் தண்ணீர் போவதற்குத்தான். பந்தல் வேண்டாம் என்பார், பந்தலுக்கு மருந்தும் அடிப்பார்.

என் கண் அன்றே ஒன்றைப் பார்த்தது. முப்பத்தைந்து நாள் வளர்ந்த துளிருக்கு நீளம் போதவில்லை. நோட்டில் எழுதியிருக்கிறேன்: “துளிர் குட்டை. பனி காரணமா?” தை கடைசியில் மறுபடி போனேன். திராட்சைப் பூ என்று யாராவது காட்டினால்தான் தெரியும். கடுகைவிடச் சின்ன பச்சை மொட்டுகள், குனிந்தால் மட்டும் மெல்லிய இனிப்பு வாசனை. அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்தது. “பூ பதினைந்து நாள் பிந்தியது. பின்னால் ஈடு கட்டிவிடும்” என்று எழுதியிருக்கிறேன். யார் ஈடு கட்டுவார்கள் என்று எழுதவில்லை. கொடி தன் உடம்பால் ஒரு தேதியைச் சொல்கிறது, நோட்டு இன்னொரு தேதியைச் சொல்கிறது. நான் நோட்டை நம்பினேன். புத்தகம் படித்து வளர்ந்தவனுக்கு வருகிற வியாதி அது.

பங்குனியில் அந்தப் பக்கம் போகவே இல்லை. விஷுவுக்கு முன்னால் கேரளாவுக்குப் பழம் போய்ச் சேர வேண்டும் என்று மண்டியில் ஒரே ஓட்டம். எந்தத் தோட்டத்துக்கு எந்த நாள் ஆட்கள் வருகிறார்கள் என்று முதலாளி முன்கூட்டிச் சொல்லி அனுப்பவும் மாட்டார். தெரிந்தால் வேறு மண்டிக்காரர் முந்திக்கொள்வார் என்ற பயம். ஏப்ரல் 12, வியாழக்கிழமை காலை ஆறரைக்கு ஒரு லாரி, பதினோரு பெண்கள், அவர்களுக்குத் தலைவியான கருப்பாயி, காலிப் பெட்டிகள், நோட்டோடு நான் என்று பாண்டியம்மாள் தோட்டத்து வாசலில் போய் இறங்கினோம்.

பாண்டியம்மாள் பால் கறந்த சொம்போடு வந்தார்.

“யாரு தம்பி வரச்சொன்னாக?”

“வெட்டுக்குக்கா. இன்னைக்கு நூத்தியிருவது நாள்.”

அவர் சொம்பைக் கீழே வைத்தார். “எங்கன இருந்து எண்ணுனீக?”

நோட்டைப் பிரித்துக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை, நான்தான் வாசித்தேன். கார்த்திகை இருபத்தெட்டு என்று சொன்னதும் கருப்பாயி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பாண்டியம்மாள் சிரிக்கவில்லை.

“அது நாள் பண்ணுனது தம்பி. ஒத்தக் கொடி. வாசப்பக்கத்து மொதக் கொடிய மட்டும் நல்ல நேரம் பாத்து நறுக்கி வச்சது. ஆளு மார்கழிலதான் வருவேன்னாக. மார்கழில புதுசா ஒண்ணத் தொடங்கக் கூடாதுல்ல. அதனால கார்த்திகையிலயே தொடங்குன மாதிரி ஆக்கியாச்சு. மத்தது பூராம் வெட்டுனது மார்கழி பதிமூணு.”

“எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?”

“கவாத்து எப்பன்னு கேட்டீக. கவாத்து கார்த்திகை இருவத்தெட்டுதான.” அவர் என்னை ஏமாற்றவில்லை. அவரைப் பொறுத்தவரை அந்தத் தோட்டத்தின் கவாத்து அன்றுதான் நடந்தது. மார்கழியில் நடந்தது வெறும் வெட்டு வேலை.

“முகூர்த்தக்கால் ஊண்டுன நாள்ல இருந்து பத்து மாசம் எண்ணி, பிள்ளையத் தூக்க வந்திருக்காருடி நம்ம காலண்டரு” என்றார் கருப்பாயி. பதினோரு பேரும் சிரித்தார்கள். லாரி டிரைவரும் சிரித்தார். ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள் ஒன்றரை ஏக்கரை எப்படி வெட்ட முடியும் என்று மூன்று மாதமாக எனக்குத் தோன்றவே இல்லை என்பது அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ஒரு ஏக்கருக்கு எத்தனை ஆள், எத்தனை நாள் என்றெல்லாம் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

பந்தலுக்குள் போய்ப் பார்த்தோம். குலைகள் பாதி நிறம் மட்டும் ஏறிச் செங்காயாகத் தொங்கின. வாசல்பக்கத்து முதல் கொடியில் மட்டும் எட்டோ ஒன்பதோ குலை, கருப்பாக, சாம்பல் பூத்து, குறை சொல்ல முடியாத பழம். என் நோட்டு அந்த ஒரு கொடிக்குத் துல்லியமாக இருந்தது.

சிரிப்பு அதற்குள் அடங்கிவிட்டது. டிரைவர் சொன்னார், “லாரி காலியாப் போக முடியாது. விஷு முடிஞ்சா முதலாளி இந்தப் பக்கம் வண்டி விடமாட்டாரு. செங்காய்னாலும் கூட்டத்தோட கூட்டமாப் போயிரும், வெட்டுங்க.” சுருளிவேலும் வந்து நின்றார். வானத்தைப் பார்த்தார். கோம்பை மலைப்பக்கம் மேகம் இல்லைதான், ஆனால் முந்தின நாள் சாயங்காலம் இருந்தது. “வெட்டிருவோம் மதினி. இன்னும் பதினஞ்சு நாளு, மழ வந்தா போன தடவ மாதிரி ஆயிரும். கெடச்சதுக்கு விட்ருவோம்.”

பாண்டியம்மாள் ஒரு செங்குலையை நறுக்கினார். எல்லோருக்கும் இரண்டிரண்டாகக் கொடுத்தார். கருப்பாயிக்கு, பெண்களுக்கு, டிரைவருக்கு, எனக்கு, கடைசியில் சுருளிவேலுக்கு. கண்ணை மூடாதவர் யாருமில்லை. பேச முடியாத புளிப்பு.

“இதையா எந் தோட்டத்துப் பழம்னு அனுப்பச் சொல்றீக” என்றார். “இத வெட்டுனா இந்தத் தடவையும் தேறலைன்னு ஆயிரும். அப்புறம் பந்தலப் பிரிக்க வேண்டியதுதான். மழ வந்து பிரிச்சா பிரிக்கட்டும், நானா பிரிக்கமாட்டேன். என் கணக்குக்குச் சித்திரை பதினாலு. அன்னைக்கு வாங்க.”

லாரி வேறு தோட்டம் பார்க்க ராயப்பன்பட்டிக்குத் திரும்பியது. ஏறும்போது கருப்பாயி என் தோளைத் தட்டி, “நல்ல வேள, சோறு பொங்கி முடிச்சு வந்தோம்” என்று சொன்னார். இதற்கு என்ன பொருள் என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஆறுதல் என்றே எடுத்துக்கொண்டேன்.

முதலாளி நோட்டை வாங்கி வாசித்தார். அதிகம் திட்டவில்லை. “ஒம்பதே காலுக்குத் தொடங்கிப் பத்தே காலுக்கு முடிச்சாகளா? மெஷினு வச்சா வெட்டுனாக?” என்று மட்டும் கேட்டார். சித்திரை பதினாலுக்கு லாரி கிடையாது, ஆட்களும் கிடையாது என்றார். எவ்வளவு கேட்டும் மாறவில்லை. அதைச் சொல்ல மறுநாள் நானே போனேன். வாழ்க்கையில் பல கெட்ட செய்திகளைச் சுமந்து போயிருக்கிறேன். மொபெட் அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தது அன்று மட்டும்தான்.

“என் தப்புக்கா” என்றேன்.

“சரி தம்பி. மோர் குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

சுருளிவேல் படியில்தான் இருந்தார். அவருக்கு வசதியான செய்திதான் அது. கேலியாக ஏதாவது சொல்வார் என்று மோரைக் குடிக்காமல் காத்திருந்தேன். சொல்லவில்லை.

அடுத்த பதினான்கு நாட்களில் நோட்டில் வேறெதுவும் இல்லை. மேகம் மட்டும்தான் இருக்கிறது. “மாலை மேகம். தூறல் இல்லை.” “கோம்பையில் இடி. பண்ணைப்புரம் இல்லை.” “காற்று. கலைந்தது.” எந்தத் திசையில் இருந்தாலும் சாயங்காலம் மேற்கே பார்ப்பது வழக்கமாகிவிட்டது. விஷு வந்து போனது. சித்திரை ஒன்பதாம் தேதி அந்தப் பக்கம் அரை மணி நேரம் நல்ல மழை. மறுநாள் ஓடினேன். தென்மேற்கு மூலையில் நாலைந்து வரிசையில் பழம் வெடித்திருந்தது. பாண்டியம்மாள், அவருடைய மகள், சுருளிவேல், சுருளிவேலின் மனைவி நான்கு பேரும் குனிந்தபடி, வெடித்த பழங்களை மட்டும் சின்னக் கத்தரியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். விட்டால் அழுகல் குலை முழுக்கப் பரவிவிடும். எனக்கும் ஒரு கத்தரி கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. திராட்சையைப் பற்றி நான் எழுதியிருந்த எதிலும் கழுத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

சித்திரை பதினாலு, வெள்ளிக்கிழமை. மண்டியில் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். என்ன செய்யலாம் என்று எந்த யோசனையும் இல்லை. தலைச்சுமையாகவாவது பண்ணைப்புரம் கடைகளுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு சாக்கை மொபெட்டில் கட்டியிருந்தேன். போனால், வாசலில் கேரளப் பதிவு எண்ணோடு ஒரு லாரி நிற்கிறது. பந்தலுக்குள் ஆட்கள். பெட்டி பெட்டியாகக் கருநீலம்.

“ஒங்க முதலாளி மனசு மாறிட்டாரு போல” என்றார் பாண்டியம்மாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“இல்லக்கா, இது எங்க லாரி இல்ல. நான் அனுப்பல.”

டிரைவரிடம் யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டேன். “எங்க முதலாளியோடு ஆரோ போன்ல பறஞ்ஞு. பண்ணைப்புரம், இன்ன தோட்டம், இன்ன நாளுன்னு” என்றார் பாதி மலையாளத்தில். பெயர் அவருக்குத் தெரியவில்லை. சுருளிவேல் தலையில் பெட்டியோடு எங்களைக் கடந்து போனார். “எந்த லாரியா இருந்தா என்ன, வழிய விட்டு நில்லுங்க தம்பி” என்றார்.

நல்ல பழம் அது. வெடித்தது போக மிச்சமெல்லாம் போயிற்று. பந்தலைப் பிரிக்கும் பேச்சு அதோடு நின்றது. அடுத்த கவாத்துக்கு நான் நேரிலேயே போய் நின்றேன். ‘நாள்’ என்று ஒரு பத்தியும் ‘வெட்டு’ என்று ஒரு பத்தியும் நோட்டில் தனித்தனியாகக் கோடு போட்டேன். அந்த வேலையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே சீர்திருத்தம் அதுதான். இரண்டு ஆண்டில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டேன்.

அதன் பிறகு எட்டு வருடம் அந்தப் பந்தல் காய்த்ததாகப் பாண்டியம்மாள் சொல்கிறார். போன வாரம், நோட்டை எடுத்த கையோடு, எண் தேடிப் பிடித்து அவருடன் பேசினேன். இப்போது மகள் வீட்டோடு தேனியில் இருக்கிறார். கடைசியில் முழங்கால் ஒத்துழைக்காமல், குனிய முடியாமல், அவரே சொல்லித்தான் தூண்களை எடுத்தார்களாம். இப்போது அங்கே தென்னை. என்னுடைய வேலையும் இல்லை; கொடியைப் படம் எடுத்து அனுப்பினால் மண்டிக்காரர் இருந்த இடத்திலிருந்தே நாள் சொல்லிவிடுகிறார். மார்கழிக்கு முன்னால் ஒற்றைக் கொடியை நறுக்கி வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று கேட்டேன். “இப்ப ஆளு கெடைக்கிற நாள்தான் நல்ல நாளு” என்றார்.

அந்த லாரியைப் பற்றியும் கேட்டேன்.

“நீங்கதான அனுப்புனது?”

“இல்லைன்னு அன்னைக்கே சொன்னேனேக்கா.”

“சொன்னீக. முதலாளிக்குப் பயந்துக்கிட்டுச் சொல்றீகன்னு நெனச்சேன். இம்புட்டு வருசமும் ஒங்களத்தான் நெனச்சிருக்கேன்.” பிறகு, “அப்ப யாரு தம்பி?” என்றார்.

செய்யாத உதவிக்கு இவ்வளவு ஆண்டு நன்றி வாங்கியிருக்கிறேன் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. லாரிக்கு யார் போன் போட்டது என்று விசாரிக்க முந்தாநாள் பண்ணைப்புரத்துக்குப் போனேன். ஊரில் அப்போது பூத் வைத்திருந்தவர் இன்னும் இருக்கிறார். கண்ணாடிக் கூண்டு போய்விட்டது. அதே இடத்தில் கைப்பேசிக்கு உறை விற்கிறார். நான் கேட்டதும் அவருக்கு உடனே நினைவு வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். பிறகு சொன்னார், அந்த விஷுவை ஒட்டி ஒரு சாயங்காலம் சுருளிவேல் வந்து கேரளப் பக்கத்துக் குமுளிக்கு ஒரு எண் போடச் சொன்னாராம். முதல் தடவை கிடைக்கவில்லை. மறுநாளும் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினாராம். என்ன பேசினார் என்பது வெளியே கேட்கவில்லை.

“லாரிக்காரங்ககிட்டயா இருக்கும்?” என்றேன்.

“இருக்கும். ஆனா அந்தக் கல்லுத் தூண வெல பேசிட்டுப் போன ஆளும் குமுளிக்காரருதான.”

சுருளிவேல் இறந்து நாலு வருடம் ஆகிறது. அவர் மனைவிக்கு இதுபற்றி ஒன்றும் தெரியவில்லை. குமுளியில் அந்தக் காலத்துத் திராட்சை வியாபாரிகள் இருவரின் பெயர் கிடைத்திருக்கிறது; ஒருவர் கடையை மூடிவிட்டார், இன்னொருவரை இன்னும் பார்க்கவில்லை. மதினியின் பழத்துக்கு லாரி கேட்டாரா, பந்தல் கல்லுக்கு விலை முடித்தாரா, எதற்காக அவர் அந்த இரண்டு நாளும் குமுளிக்குப் பேசினார் என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை. பாண்டியம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை.